மதகுப் புள்ளி

வெள்ளியந்தாங்கலா? அட, நானும் அங்கதாண்ணே எறங்கணும். உக்காருங்க, தள்ளிக்கறேன். நீங்க அந்த ஊரு இல்லியா? பக்கத்து ஊரா? சரி சரி. என் தங்கச்சிய அந்த ஊர்லதான் குடுத்திருக்கு. வேதவல்லின்னு பேரு, நாங்க வேதான்னு கூப்புடுவோம். மாப்ள துளசிங்கம், ரைஸ் மில்லுல வேலை பாக்கறாரு. தெரியாதா? தெரியாம இருந்தா ரொம்ப நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்ககிட்ட பேசிப் பேசி நான் பட்டது போதும்.

பஸ்ஸு இப்பதான் காஞ்சிபுரம் தாண்டுது, எறங்கற வரைக்கும் நேரம் கெடக்குது. நான் சொல்றேன், நீங்க கேட்டுட்டு ஒரு நியாயம் சொல்லுங்க. தப்பு என்மேல இருந்தா என்மேலன்னே சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன். யாரும் இதுவரைக்கும் முழுசாக் கேட்டதில்ல, அதான் என் வயித்தெரிச்சல்.

எனக்கு மெட்ராஸ்ல மேப்பு போடற வேலை. கம்பெனி பேரு வேணாம். கிராமத்து மேப்பு பாத்திருப்பீங்க, அந்தக் காலத்துல சங்கிலி புடிச்சு அளந்து வரைஞ்சது. அதைக் கம்ப்யூட்டர்ல கோடு கோடா ஏத்தி வெச்சிருக்கும். எது பட்டா, எது ஏரி, எது பாதைன்னு அந்தக் கோட்டுக்குத் தெரியும். ஆனா அது வெறும் கோடு. இன்னொரு பக்கம் வானத்துல இருந்து எடுத்த போட்டோ. அதுல வீடு, மரம், களத்துல காயப்போட்ட நெல்லு வரைக்கும் தெரியும். ஆனா எது யாரோடதுன்னு போட்டோவுக்குத் தெரியாது. இந்தப் போட்டோவை இழுத்து, லேசாத் திருப்பி, அந்தக் கோட்டுக்கு அடியில கச்சிதமா உக்கார வைக்கணும். தலகாணிக்கு உறை மாட்டி மூலைக்கு மூலை இழுத்து விடறோம் பாருங்க, அதே வேலைதான். அதைத்தான் நான் கல்யாணத்துக்கு முன்னாடில இருந்து பண்ணிக்கிட்டு இருக்கேன்.

எப்படி உக்கார வைக்கறதுன்னா, ரெண்டுலயும் இருக்கற எடமாத் தேடணும். கோட்டுல ஒரு கெணறு போட்டிருக்குதா, போட்டோவுலயும் அதே கெணறு தெரியுதா, ரெண்டையும் சேத்து ஒரு முடிச்சு. அதுக்குப் புள்ளின்னு சொல்லுவோம். அப்படி நாலு எடத்துல முடிச்சுப் போட்டுட்டா மிச்சத்தை மெஷின் இழுத்துக்கும். எவ்வளவு ஒட்டுது, எவ்வளவு ஒட்டலைன்னும் அதுவே சொல்லிடும். எரர்னு ஒரு நம்பர் காட்டும். நம்பர் கம்மியா இருந்தா வேலை சுத்தம். எங்க ஆபீஸ்ல யாரை வேணா கேளுங்க, தயாளன் மேப்புன்னா எரர் இருக்காதும்பாங்க.

போன வருஷம் ஏரிங்களுக்கு எல்லை காட்டற வேலை வந்துச்சு. ஏரிக்குள்ள வீடு கட்டிக்கிட்டவங்களைக் கண்டுபுடிக்கணும். லிஸ்ட்டுல வெள்ளியந்தாங்கலும் இருந்துச்சு. எங்க மேனேஜர் நல்ல மனுஷன், உன் தங்கச்சி ஊராச்சே தயாளன், வேற ஆள்கிட்ட குடுத்துடட்டுமான்னு கேட்டாரு. நான் ஒத்துக்கல. எனக்குத் தங்கச்சியும் ஒண்ணுதான், தாசில்தாரும் ஒண்ணுதான் சார்னு சொன்னேன். அந்த ஊரு எனக்கு அத்துப்படி வேற. வேற எவனாவது பண்ணா எடம் தெரியாம தடுமாறுவான்.

நாலு புள்ளி எடுத்தேன். பொன்னியம்மன் கோயில் ஒண்ணு, ஊர்ப் பொதுக் கெணறு ஒண்ணு, ரோடு பிரியற முச்சந்தி ஒண்ணு, ஏரி மதகு ஒண்ணு. முடிச்சுப் போட்டு ஓட்டிப் பாத்தா எரர் கன்னாபின்னான்னு காட்டுது. எது தப்புன்னு பாத்தா நாலுமே தப்புங்குது. நாலு பேரை நிக்க வெச்சா, ஒருத்தன் திருடன், ஆனா நாலு பேரும் திருதிருன்னு முழிக்கறானுங்க. அந்த மாதிரி. இந்த எடத்துலதான் ஆளோட அனுபவம் வேலை செய்யணும்.

நான் யோசிச்சேன். கெணறு நகருமா? நகராது. முச்சந்தி நகருமா? அதுவும் நகராது. கோயிலு? தங்கச்சி கல்யாணத்தப்ப அந்தக் கோயில் வாசல்ல உக்காந்து எலை போட்டு சாப்ட்டவன் நான். என் கண்ணு பாத்த கோயிலு அது. மிச்சம் இருக்கறது மதகு. மதகைத்தான் வருஷத்துக்கு ஒருதரம் இடிஞ்சு போச்சு, உடைஞ்சு போச்சுன்னு எடம் மாத்தி மாத்திக் கட்டுவாங்க. திருடன் அவன்தான். மதகுப் புள்ளியைத் தூக்கிட்டேன். தூக்கின உடனே பாருங்க, எரர் ஜீரோ. பத்து இல்ல, அஞ்சு இல்ல, ஜீரோ. எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு.

பக்கத்து சீட்டுல ரோஸ்லின்னு ஒரு அம்மா. எட்டிப் பாத்துட்டு, மூணே புள்ளின்னா எப்பவுமே ஜீரோதானே சார் வரும், தப்புன்னு சொல்றதுக்கு நாலாவது ஆளு வேணாமான்னு கேட்டாங்க. அது எனக்கும் தெரியும். புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. ஆனா நான் கேக்கறேன், சரியா உக்காந்திருந்தாலும் ஜீரோதானே வரும்? திரும்பி அவங்க வேலையைப் பாத்தாங்க.

அப்பறந்தாண்ணே ஏரியோட கோட்டைப் பாத்தேன். கெழக்குத் தெருவுல பாதி ஏரிக்குள்ள கெடக்குது. என் தங்கச்சி வீடும் உள்ள. மொட்டை மாடியில நான் வாங்கிக் குடுத்த கறுப்புத் தண்ணி டேங்க்கு, மேல இருந்து பாத்தா ஒரு பொட்டு மாதிரி, அது மேலயே கோடு போவுது. அன்னிக்கு முழுக்க சோறு எறங்கல. மதகை ஒரு தரம் திரும்பப் போட்டுப் பாக்கலாமான்னு கூட கை போச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க. தங்கச்சி வீடு மாட்டினதும் புள்ளிய மாத்தினா அது என்ன நியாயம்? மத்தவன் வீடா இருந்தா மாத்துவேனா? மாட்டேன். அப்ப இதுக்கும் மாத்தக் கூடாது. அப்படியே அனுப்பிட்டேன்.

ஆபீஸ்ல என்னை மேடை ஏத்தி சால்வை போத்தினாங்கண்ணே. சொந்தத் தங்கச்சி வீடுன்னு கூட பாக்காத மனுஷன்னு மேனேஜர் மைக்குல பேசினாரு. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி. பொய் சொல்லல, அன்னிக்கு ராஜா மாதிரி இருந்துச்சு. அந்த சால்வையை எடுத்தாந்து வீட்ல காட்டினா, என் பொண்டாட்டி அதைத் தொட்டுக்கூடப் பாக்கல. உங்க தங்கச்சிக்கு என்ன பதில் சொல்லப் போறீங்கன்னு கேட்டா. பொம்பளைங்களுக்கு நேர்மைன்னா என்னன்னு சொல்லிப் புரிய வைக்க முடியாது.

நோட்டீஸ் போச்சு. மாப்ள கெளம்பி மெட்ராஸுக்கே வந்துட்டாரு. ஆபீஸ் வாசல்ல, செக்யூரிட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு, வேட்டியெல்லாம் புழுதி. டீ வாங்கிக் குடுத்தேன், குடிக்கல. அவரு சொன்னது ஒரே விஷயந்தான். கோயிலு இப்ப இருக்கற எடத்துல முந்தி இல்லியாம். ரோடு அகலம் பண்ணப்ப அம்மனை ரோட்டுக்கு இந்தாண்ட, கெழக்கால கொண்டாந்து வெச்சுட்டாங்களாம். அவங்க கல்யாணத்துக்கு முன்னாடியே நடந்துச்சாம். பழைய மேப்புல இருக்கற கோயிலு வேற எடம், நீங்க சாப்ட்ட கோயிலு வேற எடம் மச்சான்னாரு. மதகு மட்டும் அவரு தாத்தா காலத்துல இருந்து அங்கியேதான் இருக்குதாம்.

நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க. வீடு போவப் போவுதுன்னா மனுஷன் எதை வேணா சொல்லுவான். போன ஊர்ல ஒருத்தன் ஏரியே நகந்து போச்சுன்னு சொன்னான். அதெல்லாம் கேட்டுக்கினு இருந்தா மேப்பு போட முடியாது. மாப்ள கடைசியா, சரி மச்சான், நீங்க எதுவும் மாத்த வேணாம், ஒரே ஒரு தடவை வந்து அந்த எடத்துல நின்னு பாருங்க, பாத்துட்டு உங்க இஷ்டம்னாரு. நேர்ல வந்தா கண்ணு சொந்தக்காரங்க பக்கம் சாயும் மாப்ள, அதனாலதான் எங்களை ஆபீஸ்ல உக்கார வெச்சிருக்காங்கன்னு சொன்னேன். அப்பறம் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாரு.

அதோட விட்டாங்களா? எந்நேரமும் போனு. எடுத்தா மாப்ள, எடுத்தா அவரு சித்தப்பா, எடுத்தா கெழக்குத் தெருவுல யாரோ முன்ன பின்ன தெரியாதவங்க. எல்லாரும் அதே பாட்டு, கோயிலு நகந்துடுச்சு, கோயிலு நகந்துடுச்சு. வேதா ஒரே ஒரு தடவைதான் பேசினா. அண்ணா, தப்பா இருக்கலாம்னு மட்டும் எழுதிக் குடுண்ணா, தப்புன்னு கூட சொல்ல வேணாம், இருக்கலாம்னு போட்டா திரும்ப அளப்பாங்களாம்னு கேட்டா. எரர் ஜீரோன்னு குடுத்துட்டு எப்படிம்மா இருக்கலாம்னு எழுதறதுன்னேன். அழுதா. ஆனா நான் வளைஞ்சு குடுக்கல. அன்னிக்கு சாயங்காலமே அந்த ஊரு நம்பர் அத்தனையும் பிளாக் பண்ணிட்டேன். அப்பறந்தாண்ணே எனக்கு மனசு நிம்மதி ஆச்சு. எந்தப் பக்கமும் ஒரு சத்தம் இல்ல.

சித்திரை வெயில்ல வந்து இடிச்சாங்களாம். நான் போவல, எப்படிப் போறது. வேதா அழவே இல்லன்னு எங்க பெரியம்மா பையன் சொன்னான். மெஷின் வர்றதுக்குள்ள நிலவாசலை மட்டும் பேத்து எடுத்து வேப்பமரத்துல சாச்சு வெச்சுட்டு, அதுக்குப் பக்கத்துலயே நின்னாளாம். எனக்கு அதைக் கேட்ட நாள்ல இருந்து சரியாத் தூக்கம் கெடையாது. நேர்மையா இருக்கறவனுக்குத்தான் எல்லாக் கஷ்டமும்.

கல்லு மனசுன்னு நெனச்சுக்காதீங்கண்ணே. கூடப் பொறந்தவளை நடுத்தெருவுல விட்டுடுவேனா? வீடு போனவங்களுக்கு வேற எங்க எடம் காட்டலாம்னு பேச்சு வந்தப்ப, நான்தான் மேப்பை விரிச்சு வெச்சு மணிக்கணக்காத் தேடினேன். ஏரிக்கு மேற்கால கரையில ஒரு எடம், கோட்டுக்கு நல்லா வெளிய, சும்மா கெடந்துச்சு. அதை செகப்புல வட்டம் போட்டு, பிரிண்ட் எடுத்து, பெரியம்மா பையன்கிட்ட குடுத்து அனுப்பினேன். இது ஏரிக்கு வெளிய, தயாளன் சொன்னான்னு சொல்லு, தைரியமா கொட்டாய் போட்டுக்கச் சொல்லுன்னு. அவளுக்கு என்மேல அத்தனை கோவம் இருந்தும், அந்த எடத்துலயே போட்டுக்கிட்டா. அவளைப் பாத்து இன்னும் சில பேரும் போட்டாங்களாம். பாத்தீங்களா? வாய் என்ன திட்டினாலும் அண்ணன் கோட்டு மேல நம்பிக்கை போவல.

அதுக்கப்பறம் பேச்சு வார்த்தை இல்ல, பெரியம்மா பையனும் போன் பண்றதை விட்டுட்டான். தீவாளி போச்சு, கார்த்திகை போச்சு. போன வாரம் புது நம்பர்ல இருந்து ஒரு போன். எடுத்தா வேதா. யாரோ டீச்சரம்மா போனாம். பொங்கலுக்கு வாண்ணா, சீரு ஒண்ணும் எடுத்தாராத, நீ வந்து ஒரு தடவை பாருண்ணான்னா. அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை பேசல. பஸ் ஸ்டாப்புக்கே வந்து நிக்கறேன்னு சொன்னா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. புதுசாப் போட்ட வீட்டைக் காட்டக் கூப்புடறான்னு புரிஞ்சு போச்சு. வேணாம்னு சொன்னா விட்டுடுவேனா? வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சக் கொத்து, அவளுக்குப் புடவை, எல்லாம் இந்தப் பையில இருக்குது. கரும்பு டிரைவர் பக்கத்துல போட்டிருக்கேன். கோவமெல்லாம் ஆறிடுச்சுண்ணே. இப்ப சொல்லுங்க, என்மேல என்ன தப்பு?

என்னண்ணே, மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? நான் பாட்டுக்குப் பேசிட்டேனா? இல்லல்ல, சொல்லுங்க, பரவால்ல, சொல்லுங்க.

ஏரி ரொம்பிடுச்சா? கோடி போச்சா? நல்ல விஷயந்தானே. எத்தனையோ வருஷம் கழிச்சு தண்ணி வழியுதுன்னா ஊருக்கு நல்லதுதானே. கெழக்கால எதுவரைக்கும் நிக்குது? அந்த இடிச்ச வீடுங்க மேல நிக்குமே. நிக்கலியா? ஒரு சொட்டு கூட வரலியா? ஏரி கோடி போறப்ப கூட வரலியா? பசங்க அங்க கிரிக்கெட்டா ஆடறானுங்க? நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்க. நேர்லயே பாத்தீங்களா? இன்னிக்குக் காலையிலயேவா.

மேற்கால? மேற்காலயும் சொல்லுங்கண்ணே. முழுசா சொல்லுங்க.

எல்லா கொட்டாயுமா? மாரு வரைக்குமா தண்ணி? கார்த்திகையில இருந்து பள்ளிக்கூடத்துலயா இருக்காங்க எல்லாரும்? எனக்கு யாருமே சொல்லலியே. நம்பர் பிளாக்குல இருந்தா யாரு எப்படி சொல்லுவாங்க. மழை இந்த வருஷம் ஜாஸ்திண்ணே, எல்லா ஊர்லயும்தான் தண்ணி பூந்துச்சு. ஓ. ரொம்பினா எப்பவும் அங்கதான் நிக்குமா. ஊர்ல எல்லாருக்கும் தெரியுமா. தெரிஞ்சுமா போய் அங்க போட்டாங்க? கேளுங்கண்ணே நீங்க, நியாயமாக் கேளுங்க, தெரிஞ்சும் ஏன் போட்டாங்க?

ஆபீசரே மேப்பு போட்டு இது ஏரிக்கு வெளியன்னு சொன்னதாலயா? மேப்பு அனுப்பினது ஆபீசர்னா சொல்லிக்கறாங்க. ஆபீசர்லாம் இல்லண்ணே.

அவ புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவலியே? சின்னவனுக்கு மூச்சு எளைப்பு உண்டு. யாரையும் பேரு தெரியாதா உங்களுக்கு? சரி. தெரியாதுன்னா விடுங்க. வந்து பாருன்னு சொன்னா, நான் வேற மாதிரி நெனச்சுக்கிட்டேன். மேப்பு சரிதாண்ணே. நான் என்ன கேக்கறேன்னா, எரர் ஜீரோன்னா... இல்ல, விடுங்க. தண்ணி இருக்குதா உங்ககிட்ட?

ஸ்டாப்பு வந்துடுச்சா அதுக்குள்ள?

அதோ, அதாண்ணே வேதா. அந்த ஊதாப் புடவை. எவ்வளவு எளைச்சுட்டா பாருங்க. குங்குமம் கூட சரியா வெச்சுக்கல. செருப்பு இல்லாம நிக்கறா. மாப்ள வரல போல. நான் எறங்கலண்ணே. நெசமாத்தான் சொல்றேன்.

அண்ணே, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நீங்க எறங்கத்தானே போறீங்க, இந்தப் பையை அவகிட்ட குடுத்துடுங்க. கரும்பையும் எடுத்துக்கங்க. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் குடுத்து அனுப்பினாருன்னு சொல்லுங்க. ஆபீஸ்ல அவசர வேலை வந்துடுச்சாம், இன்னொரு நாள் வர்றேன்னு சொன்னாராம். நல்லா இருக்கியான்னு கேட்டாரான்னு கேட்டா, கேட்டாருன்னு சொல்லிடுங்க. என் பக்கம் திரும்பிப் பாக்காதீங்க. அவ ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துக்கினு வர்றா. நான் குனிஞ்சுக்கறேன். போங்கண்ணே, சீக்கிரம் எறங்குங்க.

கண்டக்டர், வந்தவாசி ஒண்ணு குடுப்பா. ஆமா, வெள்ளியந்தாங்கலுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், இப்ப வந்தவாசி போறேன். நிறுத்தி வெச்சிருக்காத, ரைட்டு குடு. வெள்ளியந்தாங்கல் ஆளுங்க எல்லாம் எறங்கியாச்சு.